செஞ்சி வெயிலும் வீட்டுத் தளமும்: சூரிய மின்சாரம், மின்சிக்கனம் பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

செஞ்சியில் மொட்டை மாடி வைத்திருக்கும் ஒருவர் சோலார் போடலாமா என்று கேட்டால், பேச்சு எத்தனை கிலோவாட், எவ்வளவு மானியம், போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்ற மூன்றுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பேனல் எந்தத் தளத்தின்மேல் உட்காரப் போகிறது, அந்தத் தளம் கீழே படுத்திருப்பவர்களுக்கு என்ன செய்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறது.

என் கருதுகோள் இது. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, பாறைக் குன்றுகளுக்கு நடுவே கிடக்கும் செஞ்சி போன்ற ஊரில், வீட்டு மின்சாரச் சிக்கலின் மையம் இரவில் இருக்கிறது. பகல் வெயிலைக் கான்கிரீட் தளமும் மேற்குச் சுவரும் குடித்து வைத்துக்கொண்டு மாலையிலும் முன்னிரவிலும் அறைக்குள் விடுகின்றன. பேனல் மின்சாரம் தருவதோ காலை முதல் மாலை வரைதான். வெப்பம் வந்து சேரும் நேரமும் மின்சாரம் கிடைக்கும் நேரமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆகவே தளத்தைச் சரிசெய்யாமல் பேனல் மட்டும் போடுவது, மின்கட்டணத்தைக் குறைத்தாலும் வீட்டை வாழத் தக்கதாக ஆக்குவதில்லை.

ஆய்வின் எல்லை விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி நகரமும் அதைச் சூழ்ந்த ஊர்களும். ஒப்புநோக்க வேண்டிய இடத்தில் புதுச்சேரிக் கட்டடம் ஒன்றையும் எடுத்துக்கொள்கிறேன். வெப்பக் கணக்குகள் கட்டடவியலில் வழக்கமாகப் பயன்படும் எளிய சூத்திரங்களைக் கொண்டு நான் போட்டவை. அவற்றில் கொள்ளப்பட்ட அளவுகளை அந்தந்த இடத்திலேயே தந்திருக்கிறேன்.

2. செஞ்சியின் வெயில்

செஞ்சி ஏறத்தாழ வடக்கு அட்சரேகை 12.25 பாகையில் இருக்கிறது. இதனால் ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் 23-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கிறது. டிசம்பர் 21-ஐ ஒட்டி அது தெற்கே இறங்கி, நண்பகலில் அடிவானத்திலிருந்து 54 பாகை உயரத்தில் நிற்கும்.

வீடு கட்டுபவருக்கு இந்தக் கணக்கிலிருந்து நேரான ஒரு பாடம் கிடைக்கிறது. கோடையில் தெற்குச் சுவரின்மேல் நேர் வெயில் அநேகமாக விழுவதே இல்லை. வெயில் முழுவதையும் வாங்குவது மொட்டை மாடி. அதற்கடுத்தது காலையில் கிழக்குச் சுவர், பிற்பகலில் மேற்குச் சுவர். தெற்கு பார்த்த சன்னலுக்கு இரண்டு அடி சன்ஷேடு போட்டுவிட்டு மேற்குச் சுவரை வெறுமனே விடும் வீடுகள், வெயில் வராத பக்கம் குடை பிடிக்கின்றன.

செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் மண் மூடாத வெறும் பாறையும் உருண்ட பெருங்கற்களும் அடுக்கிவைத்தவை. பாறை பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி, இருட்டிய பிறகு மெல்ல விடும். கோட்டையடியில் குடியிருப்பவர்கள் இரவிலும் அனல் அடிக்கிறது என்று சொல்வதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. மரக்காணம் கரையில் நண்பகலை ஒட்டியே வீசத் தொடங்கும் கடற்காற்று, ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் செஞ்சிக்குத் தாமதமாகவும் வலுக்குறைந்துமே வந்து சேர்கிறது. கத்திரி வெயில் நாட்களில் மேல்காற்று வலுத்தால் அதுவும் வருவதில்லை.

வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்றதும் வெட்டவெளியில் வேலை செய்பவரின் மயக்கமே நினைவுக்கு வருகிறது. இரவு முழுக்கப் புழுக்கத்தில் புரண்டுவிட்டு மறுநாள் காலை கரும்பு வெட்டவோ மூட்டை தூக்கவோ போகும் உடம்பையும் அந்தச் சொல்லுக்குள் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

3. கோட்டைக்குள் இருக்கும் சான்றுகள்

செஞ்சிக் கோட்டையைப் போர்க் கட்டுமானமாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். 1677-இல் சிவாஜி கைப்பற்றியது, 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டது, 1714-இல் தேசிங்கு ராஜன் வீழ்ந்தது, 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஏறியது என்று அந்த வரலாறு ஓடுகிறது. அதே கட்டடங்களை வெயிலுக்குள் மனிதர் வாழ்ந்த இடங்களாகப் படித்தால் வேறு செய்திகள் கிடைக்கின்றன.

கல்யாண மகால் அடுக்கடுக்காக மேலெழும் கோபுரம். ஒவ்வொரு நிலையிலும் ஒரு சிறிய அறை, அதைச் சுற்றி வளைவுகள் திறந்த நடை. வெயில் முதலில் அந்த நடையில் விழுந்து நின்றுவிடுகிறது. உள்ளறைச் சுவருக்கு நேராகப் போவதில்லை. காற்று எந்தத் திசையில் வீசினாலும் எதிர்ப்பக்க வளைவு வழியாக வெளியேற வழி இருக்கிறது. சுடுமண் குழாய்களில் இங்கு தண்ணீர் கொண்டுவந்த ஏற்பாடும் இருந்தது. கிருஷ்ணகிரி உச்சியில் உள்ள மண்டபமும் இதே போல நான்கு பக்கமும் திறந்து, மேலே குவிமாடம் போட்டது. எரிந்துகொண்டிருக்கும் பாறையின் தலையில் நின்று கொண்டு அதற்குள் நுழைபவர்கள் வேறுபாட்டை உடனே உணர்கிறார்கள்.

நெற்களஞ்சியங்கள் இதற்கு நேர்மாறானவை. தடித்த சுவர், வளைந்த கூரை, மிகக் குறைந்த திறப்பு. உள்ளே இருப்பது தானியம். அதற்குத் தேவை ஒரே சீரான வெப்பநிலை. காற்றாட வேண்டியது மனிதர்களுக்குத்தான். மனிதர் இருக்கும் இடத்தையும் நெல் இருக்கும் இடத்தையும் இரு வேறு முறையில் கட்டத் தெரிந்திருந்த ஊரில், இன்று நாம் மனிதர்களுக்குக் களஞ்சியம் போன்ற வீடுகளைக் கட்டுகிறோம். அதிலும் சுவர் மெல்லியது, தளம் வெறும் கான்கிரீட். களஞ்சியத்தின் நன்மையும் இல்லை, மண்டபத்தின் நன்மையும் இல்லை.

4. தளம்

4.1 கூரையிலிருந்து கான்கிரீட்டுக்கு

இந்தப் பகுதியின் பழைய வீடுகள் மூன்று வகை: கரும்புத் தோகை, விழல், பனையோலை வேய்ந்த கூரை வீடு; நாட்டு ஓடு அல்லது சீமை ஓடு போட்ட வீடு; வசதி உள்ளவர்களின் மெட்ராஸ் டெரஸ் வீடு. மூன்றாவதில் தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாகக் குத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, தட்டோடு பதிப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்புக் கலவையைப் பற்றி வயதான கொத்தனார்கள் இன்றும் மரியாதையோடு பேசுகிறார்கள்.

கான்கிரீட் தளம் வந்தபின் அதன்மேல் போடப்பட்ட செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் கொஞ்சகாலம் தொடர்ந்தன. பிறகு செலவு மிச்சம் என்று அதையும் விட்டார்கள். சாம்பல் நிறச் சிமென்ட் பூசிய வெறும் தளம்தான் இன்று செஞ்சியின் பெரும்பாலான கூரை. வாடகைக்கு விடும் மாடிப் போர்ஷன்கள் அநேகமாக இப்படித்தான்.

4.2 கணக்கு

ஒரு கூரையின் வழியே எவ்வளவு வெப்பம் கடக்கும் என்பதை அளக்க, கட்டடவியலில் வெப்பக் கடத்து மதிப்பு ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். மேலும் கீழும் ஒரு பாகை வேறுபாடு இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் கடக்கிறது என்பதே அந்த எண். எரிசக்திச் சிக்கன வாரியம் 2018-இல் வெளியிட்ட வீடுகளுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு, எகோ நிவாஸ் சம்ஹிதா, கூரைக்கு இது 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது.

ஐந்து அங்குல வெறும் கான்கிரீட் தளத்துக்கு இந்த எண் ஏறத்தாழ 3.4. அதன்மேல் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போட்டால் 2.4-க்கு இறங்கும். தட்டோட்டுக்கு அடியில் ஓர் அங்குலம் அழுத்தம் தாங்கும் நுரைப்பலகை வைத்தால் 0.9-ஐ எட்டிவிடலாம். அரை அடிக் கனத்தில் வேய்ந்த ஓலைக் கூரையைக் கணக்கிட்டால் 0.5-ஐ ஒட்டி வருகிறது.

கடைசி எண்ணைப் பார்க்கும்போது மனம் கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறது. நாட்டின் விதித்தொகுப்பு கேட்கும் அளவுக்குள் குடிசையின் கூரை எளிதாக அடங்கிவிடுகிறது. அதை அகற்றிவிட்டு நாம் போட்டுக்கொடுக்கும் தளம் அந்த அளவுக்கு மூன்று மடங்கு வெளியே இருக்கிறது. இதைச் சொல்வதால் யாரும் குடிசைக்குத் திரும்ப வேண்டும் என்று பொருளில்லை. கோடையில் ஒரு பொறி பட்டால் தெருவே எரியும், மழையில் ஒழுகும், பாம்பும் தேளும் ஓலைக்குள் குடியிருக்கும். கான்கிரீட் வீடு ஏழைக் குடும்பத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு, மரியாதையும் கூட. அந்த வீட்டுக்கு ஓலை கொடுத்த குளிர்ச்சியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய கடமை மிச்சம் இருக்கிறது என்பதே வாதம்.

இனி ஒரு மே மாத நண்பகலை எடுத்துக்கொள்வோம். காற்றின் வெப்பம் 38 பாகை, ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் 950 வாட். சாம்பல் நிறத் தளம் அதில் 65 சதவீதத்தை உறிஞ்சுவதாகக் கொண்டால் அதன் மேல்பரப்பு 60 பாகையைத் தாண்டும். வெள்ளையடித்த தளம் 25 சதவீதம்தான் உறிஞ்சும். மேல்பரப்பு 44 பாகை அளவில் நிற்கும். அறைக்குள் 33 பாகை என்றால், வெறும் தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 95 வாட் வெப்பத்தைக் கீழே தள்ளுகிறது. வெள்ளைத் தளம் தள்ளுவது 37 வாட். முந்நூறு சதுர அடி வீட்டுக்குப் பெருக்கினால் முதலாவது ஏறத்தாழ 2.6 கிலோவாட், இரண்டாவது 1 கிலோவாட். இரண்டரை இஸ்திரிப் பெட்டிகளைச் சூடாக்கி உத்தரத்தில் தொங்கவிட்டது போன்ற நிலை இது.

இது தளம் முழுவதும் ஒரே நிலைக்கு வந்துவிட்டதாக எண்ணிப் போட்ட உச்சக் கணக்கு. உண்மையில் கான்கிரீட்டின் கனம் அந்த உச்சத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி, தாமதப்படுத்தும். அந்தத் தாமதம்தான் இக்கட்டுரைக்கு முக்கியம். ஐந்து, ஆறு அங்குலக் கான்கிரீட்டில் வெப்ப அலை மேலிருந்து கீழே வர மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் ஏறத்தாழ ஆறு மணி நேரம். பிற்பகல் ஒன்று, இரண்டு மணி வெயில் தளத்தின் அடிப்பரப்பை அடைவது மாலை ஐந்து, ஆறு மணிக்கு. நான்கு மணிக்கு மேற்குச் சுவரில் விழுந்த வெயில் உள்பக்கம் வந்து சேர்வது இரவு பத்து மணிக்கு, கட்டிலைச் சுவரோரம் போட்டுப் படுக்கும் நேரத்துக்குச் சரியாக. அப்போது பேனலில் ஒரு வாட்கூட இல்லை.

4.3 எது முதலில்

ஏசி இல்லாத வீட்டுக்கு, தளத்தை வெள்ளையாக்குவதே முதல் வேலை என்று நினைக்கிறேன். நுரைப்பலகை அதற்கு அடுத்தது. காரணம் இருக்கிறது. நுரைப்பலகை பகலில் வெப்பத்தை உள்ளே விடாது. அதே போல இரவில் அறையின் வெப்பத்தை வெளியேயும் விடாது. வெள்ளைத் தளமோ பகலில் வெயிலைத் திருப்பி அனுப்பிவிட்டு, இரவில் வானத்தை நோக்கித் தன் சூட்டை விட்டுக் குளிர்கிறது. மின்விசிறியை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு இந்த இரவுக் குளிர்ச்சி பெரிய உதவி. ஏசி வைத்த அறைக்கு நுரைப்பலகை இன்றியமையாதது.

சுண்ணாம்போடு வெள்ளைச் சிமென்ட்டும் ஃபெவிகாலும் கலந்து இரண்டு கை அடிப்பது நம் ஊரில் பலரும் செய்வதுதான். மழையில் பாசி படியும், கோடையில் புழுதி படியும். ஆண்டுக்கு ஒருமுறை கழுவி மறுபடி அடிக்க வேண்டும். கடையில் விற்கும் கூல் ரூஃப் பெயின்ட் சில ஆண்டு நிற்கும், விலை கூடுதல். தெலங்கானா 2023-இல் வெள்ளைக் கூரைக்கென்றே ஐந்தாண்டுக் கொள்கை வெளியிட்டது. அகமதாபாத் 2013-லேயே வெப்பச் செயல்திட்டம் வகுத்து, பிறகு ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையை அதோடு சேர்த்தது. செலவு குறைந்த வேலை என்பதாலேயே இதற்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை.

5. பசுமை வீடு: ஒரு முன்னோடி

சூரிய மின்சாரத்தையும் ஏழை வீட்டையும் ஒன்றாக இணைத்த முதல் பெரிய முயற்சி தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கியது. முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு, தொடக்கத்தில் ஒவ்வொன்றும் ரூ. 1.80 லட்சம், அதில் ரூ. 30,000 சூரிய விளக்குகளுக்கு. ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஐந்தாண்டில் 3 லட்சம் என்பது இலக்கு. அறை, கூடம், சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என ஐந்து விளக்குகள்.

மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த அந்த ஆண்டுகளில் மாலையில் பிள்ளைகள் படிக்க வெளிச்சம் கிடைத்தது சிறிய உதவி அன்று. நான் சுட்டிக்காட்ட விரும்புவது வடிவமைப்பின் கணக்கை. விளக்கு மிகக் குறைந்த மின்சாரத்தில் எரியும். அந்த வீட்டின் உண்மையான தேவை மின்விசிறி, அது ஓட வேண்டிய காரணம் தலைக்குமேல் இருக்கும் கான்கிரீட் தளம். பசுமை என்ற பெயர் விளக்குக்குக் கிடைத்தது, தளத்துக்குக் கிடைக்கவில்லை. அதே ரூ. 30,000-இல் ஒரு சிறு பகுதி தளத்தின் வெள்ளைப் பூச்சுக்கும் மேற்குச் சுவர் நிழலுக்கும் போயிருந்தால் வீடு முழுப் பொருளில் பசுமையாகியிருக்கும்.

6. பேனல் ஓர் இரண்டாம் கூரை

6.1 கோல்கொண்டாவின் பாடம்

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்டா 1937-இல் கட்டத் தொடங்கப்பட்டது. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். களத்தில் இருந்து கட்டியவர்களில் ஜார்ஜ் நகாஷிமாவும் ஒருவர். நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்தவை. சுவருக்குப் பதில் திருப்பக்கூடிய பலகைகள். காற்று வரும், வெயில் வராது. தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் இன்னொரு கூரையாக நிற்கின்றன. இரண்டுக்கும் இடையில் காற்று ஓடுகிறது. வெயில் மேல் ஓட்டில் விழுந்து அங்கேயே தங்கிவிடுகிறது.

பேனலும் சரியாகப் போட்டால் இதே வேலையைச் செய்யும். சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2011-இல் வெளியான ஆய்வு, பேனல் நிழலில் இருந்த கூரைப் பகுதி வழியாக இறங்கிய வெப்பம் 38 சதவீதம் குறைந்ததாக அளந்து காட்டியது. இரவில் பேனல் அடியில் சூடு கொஞ்சம் தங்குவதையும் அதே ஆய்வு குறிப்பிட்டது. ஆகவே பேனலுக்கும் தளத்துக்கும் இடையில் குறைந்தது ஓர் அடி இடைவெளி விட்டு, இரு பக்கமும் காற்று ஓட விட வேண்டும். அடியில் இருக்கும் தளத்தையும் முதலில் வெள்ளையடித்துவிட வேண்டும். பேனல் ஏறிய பிறகு அங்கே குனிந்து வேலை செய்ய முடியாது.

6.2 விளைச்சல்

செஞ்சியில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுக்கு 1,400 முதல் 1,500 யூனிட் வரை தரும். இரண்டு மாதக் கணக்கில் ஏறத்தாழ 240 யூனிட். சாய்வு 12 பாகை, முகம் தெற்கு. தெற்கே இடம் இல்லாமல் கிழக்கு மேற்காகப் போட நேர்ந்தாலும், இந்த அட்சரேகையில் இழப்பு மிகக் குறைவு.

வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்குப் பகை. 38 பாகை வெயிலில் பேனலின் உட்பகுதி 65 பாகையைத் தாண்டும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.35 சதவீதம் குறைவதாகக் கொண்டால் நண்பகலில் 14 சதவீதம் போய்விடுகிறது. வானம் தெளிந்து, காற்று இன்னும் சூடேறாத மாசி, பங்குனி நாட்கள்தான் நல்ல விளைச்சல் காலம். காற்றோட்டத்துக்கான இடைவெளி கீழே இருக்கும் அறைக்கும் மேலே இருக்கும் பேனலுக்கும் ஒருசேர உதவுகிறது.

செஞ்சிக்கே உரிய தொல்லைகள் இரண்டு. கோடைப் புழுதி படிந்த பேனலை வாரம் ஒருமுறையாவது காலையிலோ மாலையிலோ தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது. இரண்டாவது குரங்கு. கோட்டையை ஒட்டிய தெருக்களில் கேபிளைத் தொங்கவிட்டால் அது நிலைக்காது. தொடக்கம் முதல் இறுதிவரை பைப்புக்குள் போவதே நல்லது.

மொட்டை மாடி வெறும் வெயில் வாங்கும் இடம் மட்டுமில்லை. வடகம் காய்வதும் மிளகாய் காய்வதும் அங்கேதான். கோடை இரவில் பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். மாடி முழுவதையும் பேனலால் நிரப்பச் சொல்லும் விற்பனையாளரின் பேச்சைக் கேட்டு அந்த இடத்தை இழந்துவிடக் கூடாது. 2 கிலோவாட்டுக்கு இருநூறு சதுர அடிக்குள் போதும். அதைப் படுக்கையறையின் நேர் மேலே அமைத்தால் நிழலும் அங்கேயே விழும். கூடத்துக்கு மேலே இருக்கும் பகுதி குடும்பத்துக்கு மிஞ்சும்.

7. வீட்டுக்குள் ஓடுபவை

பழைய மின்விசிறி 75 வாட். தூரிகையற்ற டிசி மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி விசிறி அதே காற்றுக்கு ஏறத்தாழ 30 வாட். கோடையில் ஒரு விசிறி நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் பழையது 67 யூனிட்டும் புதியது 27 யூனிட்டும் இழுக்கும். மூன்று விசிறி உள்ள வீட்டில் 120 யூனிட் மிச்சம். 2016 மே முதல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரப்பட்ட 100 யூனிட்டைவிட இது அதிகம். அரை கிலோவாட் பேனல் விளைவிப்பதும் இதே அளவுதான்.

மானியத்தை விலக்கிப் பார்த்தால், மத்திய அரசு அடிப்படை விலையாகக் கொண்ட கிலோவாட்டுக்கு ரூ. 50,000 கணக்கில் அரை கிலோவாட்டுக்கு ரூ. 25,000. மூன்று விசிறிகளுக்கு அதில் பாதிக்கும் குறைவாகவே ஆகும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு ரூ. 30,000-உம், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ. 78,000-உம் மானியம் தருகிறது. மானியம் சேர்ந்ததும் பேனலும் விசிறியும் ஏறத்தாழ ஒரே விலைக்கு வந்து நிற்கின்றன. அதனால் மக்கள் பேனலை முதலில் தேடுவது இயல்பு. ஆனால் விசிறியின் மிச்சம் இரவிலும் கிடைக்கிறது. மழை நாளிலும் கிடைக்கிறது. அதன் இடத்தைப் பேனலால் நிரப்ப முடியாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100, 150 யூனிட் மட்டும் பயன்படுத்தும் வீட்டுக்குப் பேனல் போடுவதால் கட்டணத்தில் மிஞ்சுவது மிகச் சொற்பம். அந்த மின்சாரம் அவர்களுக்கு ஏற்கெனவே இலவசமாகவோ மலிவாகவோ கிடைக்கிறது. 500 யூனிட்டைத் தாண்டி மேல்படி விலையில் கட்டும் வீட்டுக்குத்தான் பேனல் உண்மையான லாபம். வெப்பத்தால் அதிகம் துன்பப்படுபவர்கள் முதல் வகையினர். சூரிய மின் மானியம் போய்ச் சேர்வது இரண்டாம் வகையினருக்கு. இந்த இடைவெளியை மூடும் வழி, முன்சொன்ன வெள்ளைத் தளம்தான்.

ஏசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2020 ஜனவரி முதல் விற்கப்படும் ஏசிகள் 24 பாகையில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. ஒரு பாகை கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் குறையும் என்று எரிசக்திச் சிக்கன வாரியம் சொல்கிறது. 26-இல் வைத்து விசிறியை மெல்ல ஓடவிட்டால் உடம்புக்கு வேறுபாடு தெரியாது. உலர்ந்த மேல்காற்று வீசும் மே, ஜூன் பகல்களில் ஏர் கூலரும் நன்றாகவே வேலை செய்யும். ஐப்பசிப் புழுக்கத்தில் செய்யாது.

தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஏற்றுவது, கிரைண்டர், துணி துவைப்பது, இஸ்திரி ஆகியவற்றைப் பகலுக்கு மாற்றுவது எளிது. பேனல் கம்பிக்கு அனுப்பும் மின்சாரத்தைக் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டர் இருப்பதால் எப்போது பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். வீட்டுக் கணக்குக்கு அது சரி. மாலை ஆறு முதல் பத்து வரை மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சரியில்லை.

8. மின்தடையும் புயலும்

செஞ்சியில் சோலார் போட்டவர்கள் பலர் முதல் மின்தடையில் அதிர்ச்சி அடைகிறார்கள். வெயில் கொளுத்துகிறது, வீட்டில் கரண்ட் இல்லை. மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டது. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது; அதைக் குறையாகக் கருதக் கூடாது. இதை வாங்கும்போதே எடுத்துச் சொல்வது விற்பவரின் கடமை.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. இப்படிப்பட்ட நாட்களில் கைப்பேசிக்கும் இரண்டு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் மின்சாரம் இருந்தாலே குடும்பம் தாங்கிக்கொள்ளும். அதற்குப் பெரிய பேட்டரி தேவையில்லை. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிஎல்டிசி விசிறிக்கு மாறிய வீட்டில் அதே பேட்டரி இரண்டு மடங்கு நேரம் தாங்கும்.

பேனல் சட்டத்தை இறுக்கத் தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அடுத்த கார்த்திகை மழையிலேயே உத்தரத்தில் ஈரம் தெரியும். தளத்தோடு பிணைந்த கான்கிரீட் கட்டைகளைக் கட்டி, அவற்றின்மேல் சட்டத்தை நிறுத்தி, அதன் பிறகு தட்டோடு பதிப்பதே முறை.

9. கோட்டையின் கண்ணெதிரே

2025 ஜூலை 11 அன்று, மராட்டியப் படைக் கட்டமைப்புகள் என்ற தொகுப்பின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தத் தொகுப்பில் இருப்பது செஞ்சி ஒன்றே. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்பது 2010 திருத்தச் சட்டம்.

இந்த 100 மீட்டர் வட்டத்துக்குள் வாழும் குடும்பங்கள் வீட்டை விரிவாக்க முடியாமல் தவிப்பவை. மேலே ஒரு மாடி எடுத்தால் கீழ்த்தளத்து வெப்பம் குறையும் என்ற பொதுவான வழியும் அவர்களுக்கு அடைபட்டது. ஆகவே வெள்ளைத் தளமும் பேனல் நிழலும் மற்றவர்களைவிட அவர்களுக்கே அதிகம் தேவை. எட்டு, பத்து அடி இரும்புக் கால்களில் பேனலை உயர்த்தும் பாணி இங்கு பொருந்தாது. ராஜகிரியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கும் அது உறுத்தல். புயல் காற்றுக்கும் அது பிடி கொடுக்கும். கைப்பிடிச் சுவரின் உயரத்துக்குள் 12 பாகைச் சாய்வில் தாழ்வாக அமைத்தால் தெருவிலிருந்து தெரியாது. தொல்லியல் துறையும் பேரூராட்சியும் சேர்ந்து இதற்கு ஒரு பக்கத்தில் அடங்கும் வழிகாட்டியை வெளியிட முடியும்.

10. செய்முறை வரிசையும் திட்ட மதிப்பீடும்

குடிசையில்லா நிலையை நோக்கி 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ. 3.50 லட்சம் ஒதுக்கப்படுகிறது. இத்தகைய வீடுகளின் மதிப்பீட்டில் தளத்தின் வெள்ளைப் பூச்சு என்று தனியாக ஒரு வரி சேர வேண்டும். மேற்குச் சுவருக்கு முன்னால் பந்தல் கட்ட நான்கு கொக்கிகள், வரைபடத்தில் படுக்கையறை கிழக்குப் பக்கம், எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் ஆகியவற்றுக்குக் கூடுதல் செலவு அநேகமாக இல்லை. பின்னொரு நாளில் பேனல் ஏறுவதற்கான கான்கிரீட் கட்டைகளைத் தளம் போடும்போதே வைத்துவிட்டால் பிறகு துளைக்கும் வேலை மிஞ்சாது.

சொந்தமாக வீடு வைத்திருப்பவர்களுக்குக் காலவரிசை இப்படி அமையலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் தளத்தைக் கழுவி, விரிசலை அடைத்து, இரண்டு கை வெள்ளை. மாசிக்குள் விசிறிகளை மாற்றிவிட்டு, ஒரு முழு மின்கட்டணச் சுற்றைப் பார்த்துப் புதிய பயன்பாட்டை அறிந்துகொள்வது. அந்த எண்ணை வைத்துத்தான் எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்ய வேண்டும். பழைய கட்டணத்தை வைத்து முடிவு செய்தால் தேவைக்கு மேல் வாங்க நேரும். பந்தலில் பீர்க்கனோ கோவையோ ஏற மேற்குப் பக்கம் விதை ஊன்ற மாசியே ஏற்றது. கத்திரி வெயில் வருவதற்குள் கொடி சுவரை மறைத்துவிடும்.